பேசாப்பட நகைச்சுவை நடிகரும் அவர் வரலாற்றை எழுதுவோரும்

‘பேசாப்படம்’ என்பது அப்படங்களைப் பார்த்த மக்கள் அறியாத சொல். 1895ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். அந்நாள் முதல் 1920களின் இறுதியில் திரை பேசத் தொடங்கும் வரை மக்கள் அதனைப் படம் என்றே வழங்கினர். தமிழர் சலனப்படம் என்றனர். பேசும்படம் வந்த பின்னரே முந்தையதற்கு ஓர் அடைமொழி வேண்டியிருந்தது. வந்த அடைமொழியோ ஒரு குறையைச் சுட்டுவதாக அமைந்துவிட்டது. உண்மையில் அவ்வரங்குகள் ஓசையற்று இருந்ததில்லை. பியானோவோ இசைக்குழுவோ படத்துடன் சேர்ந்து ஒலித்தது. தென்னிந்தியக் கொட்டகைகளில் திரையருகே நின்று கதையை உரக்க விளக்குவதற்கென்றே ஒருவர் இருந்தார். வாய் திறவாமல் இருந்தவர் நடிகர் மட்டுமே.

அந்நடிகருள் நகைச்சுவையாளரின் வாழ்க்கையை எழுத முற்பட்டோர் எவ்வாறு பணி செய்தனர் என்பதே இவ்வுரையின் பொருள். இப்பணியை எளிதென்று எண்ணுவோர் உண்டு. உலகமே பார்த்த மனிதரைப் பற்றி எழுத என்ன தடை இருக்க முடியும்? தடை இரண்டு வகையில் வருகிறது. திரையில் பேசாத இவர்கள் திரைக்கு வெளியே நிறையவே பேசினர். அவர்கள் சொன்னவற்றோடு படநிறுவன விளம்பரப் பிரிவுகள் கட்டிவிட்டவையும் கலந்தன. மற்றொரு புறம், அவர்கள் நடித்த படங்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. கதைகள் மிகுதி, சான்றுகள் குறைவு என்னும் நிலையில்தான் வரலாற்றாசிரியர் தம் வேலையைத் தொடங்குகிறார்.

இத்துறையில் முதலில் நினைக்கத்தக்கவர் டேவிட் ராபின்சன். ஆங்கில நாளேடான தி டைம்ஸ் இதழின் திரைப்பட விமர்சகராக இருந்தவர். பஸ்டர் கீட்டன் குறித்து 1969இல் ஒரு நூல் எழுதினார். ‘சாப்ளின்: வாழ்வும் கலையும்’ எனப் பொருள்படும் அவருடைய பெருநூல் 1985இல் வெளிவந்தது. சார்லி சாப்ளின் 1977ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று சுவிட்சர்லாந்தில் மறைந்தார். அதன்பின் அவர் மனைவி ஊனா, வீட்டில் காக்கப்பட்டிருந்த தாள்களையும் ஏடுகளையும் பார்க்க ராபின்சனுக்கு இசைவளித்தார். ஒரு வரலாற்றாசிரியருக்கு இதனினும் பெரிய பேறு இல்லை என்று தோன்றும். ஆனால் அவருக்கு முன்னே ஒரு சங்கடமும் காத்திருந்தது. சாப்ளின் 1964இலேயே தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டுவிட்டார். தானே சொல்லிவிட்ட ஒருவரின் வாழ்க்கையை இன்னொருவர் மீண்டும் எதற்காகச் சொல்ல வேண்டும்?

சொல்ல வேண்டியிருந்ததற்குக் காரணம், அந்தத் தன்வரலாற்றின் இளமைப் பகுதியைப் பலர் முழுமையாக நம்பவில்லை. குடியால் அழிந்த தந்தை, மனநிலை குன்றிய தாய், வறியோர் இல்லத்தில் மொட்டையடிக்கப்பட்ட பிள்ளைகள் என்று விரியும் அந்தக் கதை, சார்லஸ் டிக்கின்ஸின் நாவலைப் போல் மிகச் சரியாக அமைந்திருந்ததே அதற்குக் குறையாயிற்று. பெரும் செல்வரான பின் ஒருவர் தம் வறுமையை அழகுபடுத்திச் சொல்வது உலகியல்புதானே என்று ஐயுற்றனர். ராபின்சன் தென்லண்டனின் பழைய பதிவேடுகளுக்குச் சென்றார்.

ஒரு முரண் இங்கே நமக்கு உதவுகிறது. ஓரளவு வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளையாகச் சாப்ளின் பிறந்திருந்தால் அவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் எழுதப்பட்டிராது. இங்கிலாந்தின் ஏழையர் சட்டமோ, தன் கைக்கு வந்த ஒவ்வொருவரையும் எழுதிவைத்தது. யார், என்ன வயது, எந்நாள் சேர்க்கப்பட்டார், எந்நாள் வெளியேறினார், எவ்விடம் அனுப்பப்பட்டார் என அனைத்தும் மை கொண்டு பதியப்பட்டன. 1896இல் லாம்பெத் வறியோர் இல்லத்துக்குள் தாயும் இரு பிள்ளைகளும் சென்றதும், பிள்ளைகள் அங்கிருந்து ஹான்வெல் பள்ளிக்கு மாற்றப்பட்டதும், மூத்தவன் சிட்னி அவ்வாண்டிலேயே ‘எக்ஸ்மவுத்’ என்னும் பயிற்சிக் கப்பலுக்கு அனுப்பப்பட்டதும், சிறுவன் சார்லி 1898 தொடக்கம் வரை அப்பள்ளியிலேயே தனித்திருந்ததும் அவ்வேடுகளில் உள்ளன. வறுமை அவனிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. ஆவணத்தை மட்டும் சேர்த்து வைத்தது.

அவற்றுள் ஒரு தாள் தனியே கருதத்தக்கது. 1903ஆம் ஆண்டு மே மாதம். தாய் ஹன்னாவை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்ப மருத்துவர் சான்றளிக்க வேண்டும். சட்டப்படி, நோயாளியை அறிந்தவர் ஒருவரின் வாக்குமூலம் அதில் இடம்பெற வேண்டும். மூத்த மகன் கடலில் இருக்கிறான். தந்தை 1901இலேயே இறந்துபோனார். ஆகவே மருத்துவர் கேட்டு எழுதிக்கொண்டது பதினான்கு வயது மகனின் சொல்லை. அம்மா இறந்துபோனவர்களைப் பற்றியே ஓயாமல் பேசுகிறாள், அவர்கள் சன்னல் வழியே பார்ப்பதாக எண்ணுகிறாள் என்று அவன் கூறியது அந்தப் படிவத்தின் ஒரு கட்டத்துள் அலுவல் நடையில் சுருக்கமாகக் கிடக்கிறது. அவன் பெயர் சார்லஸ் சாப்ளின், உறவு மகன் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. அறுபது ஆண்டு கழித்து எழுதிய தன்வரலாற்றில் அவர் அந்நாளை விரிவாகச் சொல்கிறார்: வீட்டு வாயிலில் நின்ற சிறுவர்கள் உன் அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொன்னது, தாயைக் கைத்தாங்கலாக மருத்துவமனைக்கு நடத்திச் சென்றது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர், நினைவும் தாளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பதைக் காண்கிறார். ஐயத்தோடு தொடங்கிய சோதனையின் முடிவில் ராபின்சன் கண்டது இதுவே. சரிபார்க்க இயன்ற இடங்களில் சாப்ளினின் நினைவு வியக்கத்தக்க அளவு சரியாக இருந்தது.

பொய்யை வெளிப்படுத்துவதுதான் வரலாற்றாசிரியரின் வீரம் என்று கருதும் காலம் இது. நம்பப்படாத ஒருவர் உண்மையே சொன்னார் என்று நிறுவுவதற்கும் அதே உழைப்பு வேண்டியிருக்கிறது. அதற்குப் புகழ் குறைவு.

எல்லாவற்றுக்கும் தாள் கிடைத்துவிடவில்லை. சாப்ளினுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அமெரிக்கரின் வேண்டுகோளின்பேரில் 1950களில் பிரிட்டிஷ் உளவுத்துறையே தேடியும் கிடைக்கவில்லை. அவர் தாம் பிறந்த நாள் 1889 ஏப்ரல் 16 என்றார். ‘தி மேக்னட்’ என்னும் இசையரங்க இதழ் அவ்வாண்டு மே மாதம் வெளியிட்ட சிறு அறிவிப்போ, சார்லஸ் சாப்ளின் என்னும் பாடகரின் மனைவிக்கு ஏப்ரல் 15ஆம் நாள் அழகிய ஆண்மகவு பிறந்ததாகச் சொல்கிறது. ஒரு நாள் வேறுபாடு. நாடோடிகளின் வண்டியில் பிறந்தார் என்று கூறும் கடிதம் ஒன்றும் பின்னாளில் அவர் மேசை அறையிலிருந்து வெளிப்பட்டது. இத்தகைய இடங்களில் நல்ல வரலாற்றாசிரியர் தீர்ப்பு வழங்குவதில்லை. கிடைத்தவற்றை வரிசைப்படுத்தி வைத்துவிட்டு நகர்கிறார்.

தன்வரலாறு சொன்னவை சரியாக இருந்தன. சொல்லாமல் விட்டவை வேறு கதை. இரண்டாம் மனைவி லீட்டா கிரேயின் பெயரை அந்நூலில் காண முடியாது. தமக்கு வளர்ந்த ஆண்மக்கள் இருவர் உளர் என்பதால் அதை விரிக்கவில்லை என்று கடந்துவிடுகிறார். 1952இல் வெளிவந்த ‘லைம்லைட்’ படத்தில் தம்மோடு ஒரே மேடைக்காட்சியில் நடித்த பஸ்டர் கீட்டனும் அந்நூலில் இல்லை. ஒருவர் விட்டுவிட்டதைச் சேர்ப்பது பிழைதிருத்துவதைவிடக் கடினமான பணி. எங்கே இடைவெளி இருக்கிறது என்பதை முதலில் உணர வேண்டும். பக்கத்தில் அதற்கு எந்த அடையாளமும் இராது.

இனி, எழுத்தாவணத்தை விட்டுப் படச்சுருளுக்கு வருவோம். கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் ஆகிய இருவரும் 1983இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக உருவாக்கிய ‘அறியப்படாத சாப்ளின்’ என்னும் தொடர், சாப்ளின் தம் படங்களில் சேர்க்காமல் ஒதுக்கிய சுருள்களை ஆராய்ந்து செய்யப்பட்டது. ஒவ்வொரு முறை படம்பிடிக்கும்போதும் ஒளிப்படக் கருவியின் முன் ஓர் எண் பலகை காட்டப்படும். அந்த எண்களை வரிசைப்படுத்தினால் காட்சிகள் எந்த ஒழுங்கில் எடுக்கப்பட்டன என்பது புலனாகும். 1917இல் வெளிவந்த ‘தி இமிக்ரன்ட்’ படத்தை எடுத்துக்கொள்வோம். கப்பலில் வந்திறங்கும் ஏழைக் குடியேறிகள், பிறகு ஓர் உணவகத்தில் கையில் காசில்லாத நாயகன் என்று கதை செல்லும். ஆனால் எண் பலகை காட்டும் ஒழுங்கு தலைகீழானது. சாப்ளின் முதலில் எடுத்தது உணவகத்தைத்தான். கப்பல் அப்போது அவர் எண்ணத்திலேயே இல்லை. முதலில் பரிமாறுபவராக நடித்தவர் ஹென்றி பெர்க்மன், சிரிப்பு எழவில்லை. மலைபோன்ற உருவமுடைய எரிக் கேம்பெல் அவ்வேடத்துக்கு வந்ததும் காட்சி உயிர்பெற்றது. உணவகத்தில் சந்திக்கும் ஆணும் பெண்ணும் முன்பே எங்கே அறிமுகமானவர்கள் என்ற வினாவுக்கு விடையாகத்தான் கப்பல் பின்னர் வந்து சேர்ந்தது. எழுதிவைத்த கதை எதுவும் அவர் கையில் இல்லை. படச்சுருளையே வரைவுத்தாளாகக் கொண்டு அவர் சிந்தித்தார். இதை எந்த நேர்காணலும் நமக்குச் சொல்லியிருக்க முடியாது. தாம் எவ்வாறு பணி செய்கிறோம் என்பதைச் சாப்ளின் வாழ்நாள் முழுவதும் மறைத்தே வைத்திருந்தார்.

‘சிட்டி லைட்ஸ்’ இன்னும் தெளிவான சான்று. 1931இல் வெளிவந்த அப்படத்தில், பார்வையற்ற பூக்காரப் பெண் தெருவோர நாடோடியைச் செல்வந்தன் என்று தவறாக நினைக்க வேண்டும். பார்க்க இயலாதவள் எதைக் கொண்டு அவ்வாறு நினைப்பாள்? இந்த ஒரு வினாவுக்காகச் சாப்ளின் அக்காட்சியை மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் எடுத்தார். முன்னூறு முறைக்கு மேல் எடுத்ததாகக் கணக்கு. இடையே படப்பிடிப்பு நின்றது; நாயகி வர்ஜினியா செரில் நீக்கப்பட்டு மீண்டும் அழைக்கப்பட்டார். முடிவில் கிடைத்த விடை எளியது. நெரிசலைக் கடக்க நாடோடி ஒரு காரின் ஒரு பக்கக் கதவு வழியே ஏறி மறுபக்கம் இறங்குகிறான். கதவு மூடும் ஓசையைக் கேட்டவள், காரிலிருந்து ஒரு பெரிய மனிதர் இறங்கியதாகக் கருதிப் பூவை நீட்டுகிறாள். உரையாடலே இல்லாத படத்தில் கதையின் திருப்பம் ஓர் ஓசை! அந்த எளிமைக்குப் பின்னால் இருந்த தவிப்பை, ஒதுக்கப்பட்ட சுருள்களும் படக்கூடத்தின் நாட்குறிப்புகளும் இல்லையென்றால் நாம் அறிந்திருக்க மாட்டோம்.

‘சிட்டி லைட்ஸ்’ வெளியான பின் மேற்கொண்ட உலகப் பயணத்தில்தான் சாப்ளின் 1932இல் தம் அண்ணன் சிட்னியுடன் சிங்கப்பூருக்கு வந்தார். நம்மவர்க்கு நெருக்கமான செய்தி என்பதால் சற்றே விலகிச் சொல்கிறேன். நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் மூன்று இரவுகள் தொடர்ந்த ஒரு சீன நாடகத்தைப் பார்த்ததைத் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இளவரசனாக நடித்தாளாம். சில வேளைகளில் மொழி புரியாதிருப்பதே நல்லது என்று அவ்விடத்தில் அவர் எழுதுகிறார். மொழிக்கென உழைக்கும் ஓர் அவையில் இக்கருத்தை ஏற்றுக்கொள்ளும்படி நான் வேண்டமாட்டேன். பேசும்படம் வந்து ஐந்தாண்டு ஆகியும் பேச மறுத்துக்கொண்டிருந்த கலைஞர் ஒருவர், தமக்குப் புரியாத மொழியில் கூத்துப் பார்த்து நெகிழ்ந்தார் என்பது மட்டும் குறித்துக்கொள்ளத்தக்கது.

பஸ்டர் கீட்டனிடம் வரும்போது நிலைமை வேறு. சாப்ளினின் கதைகள் சோதனையில் தேறின. கீட்டனின் கதைகள் பல தேறவில்லை. அவர் 1895 அக்டோபர் 4ஆம் நாள் கான்சஸ் மாநிலத்துப் பிக்குவா என்னும் சிற்றூரில், ஊர் ஊராகச் சென்று கூத்து நடத்திய பெற்றோருக்குப் பிறந்தார். பிறந்த சில நாளில் அவ்வூரைச் சூறாவளி அடித்துச் சென்றுவிட்டது என்பது ஒரு கதை. பிக்குவா இன்றும் இருக்கிறது. தவழும் வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்தும் அழாதிருந்த குழந்தையைக் கண்டு, புகழ்பெற்ற மாயவித்தைக்காரர் ஹூடினி ‘பஸ்டர்’ என்று பெயரிட்டார் என்பது மற்றொரு கதை. இதைக் கீட்டனே பலமுறை கூறினார். நூல்கள் பலவும் அப்படியே எழுதின. பிற்கால ஆய்வாளர் பழைய நாடக நாளேடுகளைப் புரட்டியபோது, தொடக்கக் காலச் செய்திகளில் அப்பெயரைச் சூட்டியவராக வேறொரு நடிகர் இருக்கிறார். ஹூடினியின் புகழ் வளர்ந்த பின்னரே கதையில் அவர் இடம்பிடித்தார்.

தமிழ் படித்தவர்க்கு இது புதியதன்று. நம் புலவர்களின் வாழ்க்கை பெரும்பாலும் இவ்வாறே நமக்கு வந்து சேர்ந்துள்ளது. காளமேகத்தைப் பற்றியும் கம்பர்–ஒட்டக்கூத்தர் பூசலைப் பற்றியும் வழங்கும் கதைகளை வரலாறென்று ஒருவரும் நிறுவ முடியாது; ஆயினும் அவற்றை விட்டுவிட்டு எழுதவும் மனம் வருவதில்லை. கீட்டன் குடும்பத்தின் கதைகளும் அத்தகையனவே. அவை மெய்யல்ல என்று காட்டிய பிறகும், அக்குடும்பம் தன்னைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொள்ள விரும்பியது என்பதற்கு அவை சான்றாகின்றன. தந்தை மகனை மேடையில் தூக்கி எறிந்து வேடிக்கை காட்டிய கூத்து அது. அடிபட்டாலும் அழாத குழந்தை என்னும் கதை அவர்களுடைய விளம்பரத்துக்கு மட்டுமின்றி, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கண்ணுக்கும் பயன்பட்டது.

கீட்டனுக்குத் தாளைவிட உறுதியான ஆவணம் ஒன்று உண்டு. அது அவர் உடல். 1924இல் எடுத்த ‘ஷெர்லாக் ஜூனியர்’ படத்தில், ரயில் பாதையோரத் தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பற்றித் தொங்கும்போது நீர் வெள்ளமாகக் கொட்டி அவரைத் தண்டவாளத்தில் வீழ்த்துகிறது. எழுந்து ஓடுகிறார். சில நாள் தலைவலி என்று மட்டும் நினைத்திருந்தார். பல ஆண்டு கழித்து வேறொரு பரிசோதனையில்தான் கழுத்தெலும்பு முறிந்து கூடியிருந்த தடத்தை மருத்துவர் கண்டார். அம்முறிவு நிகழ்ந்த கணம் படத்தில் இன்றும் இருக்கிறது, எவரும் பார்க்கலாம். 1928இல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதுமாய் அவர்மேல் சாய்கிறது. மாடிச் சன்னலின் திறப்பு அவர் நிற்கும் இடத்தில் சரியாக வந்து பொருந்துவதால் உயிர் தப்புகிறார். தந்திரக்காட்சி இல்லை, சுவர் மெய்யான சுவர். அளவில் சிறிது பிசகியிருந்தால் அந்த ஆண்டோடு அவர் வரலாறு முடிந்திருக்கும்.

அத்தகைய படங்களும் தற்செயலால் பிழைத்தவையே. கீட்டன் ஒருகாலத்தில் பெவர்லி ஹில்சில் கட்டிய மாளிகையைப் பின்னாளில் வாங்கிய ஆங்கில நடிகர் ஜேம்ஸ் மேசன், அவ்வீட்டில் மறந்து விடப்பட்டிருந்த படச்சுருள்களை 1950களில் கண்டெடுத்தார். அன்றைய படச்சுருள் நைட்ரேட் செல்லுலோசால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றினால் நீரூற்றியும் அணையாது, பற்றாவிட்டாலும் பல்லாண்டில் பிசுபிசுத்துப் பொடியாகும். அதிலுள்ள வெள்ளியை எடுப்பதற்காகவே உருக்கப்பட்டவை ஏராளம். பிரெஞ்சுத் திரை முன்னோடி ஜார்ஜ் மெலியே மனமுடைந்து 1923இல் தம் படங்களின் மூலச்சுருள்களைத் தம் கையாலேயே எரித்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் வெளிவந்த ஏறத்தாழ 11,000 முழுநீளப் பேசாப்படங்களில் மூலவடிவில் எஞ்சியவை 14 விழுக்காடு. நம் பக்கம் திரும்பினால் கணக்கிட வேண்டிய தொல்லைகூட இல்லை. சென்னையில் நடராச முதலியார் எடுத்த ‘கீசக வதம்’, தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் எனப்படுவது, ஓர் அடிகூட இன்று இல்லை. உ.வே. சாமிநாதையர் செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்த வரலாற்றைப் படித்தவர்கள், படச்சுருள் தேடுவோரின் பதற்றத்தை எளிதில் உணர்வர். ஏட்டைப் பெயர்த்தெழுதுவோர் தலைமுறைதோறும் இருந்தனர். படச்சுருளைப் பெயர்த்தெடுக்க வேண்டும் என்று நெடுங்காலம் பெரும்பாலோர் எண்ணவில்லை.

இத்தனையும் சொன்னது ஒருவரைப் பற்றிச் சொல்வதற்காகவே. அவர் மோட் லிண்டர்.

சாப்ளினுக்கு முன் உலகம் முழுவதும் முகம் அறியப்பட்ட திரை நகைச்சுவையாளர் மாக்ஸ் லிண்டர். இயற்பெயர் கப்ரியேல் மாக்சிமிலியன் லெவியல். பிரான்சின் போர்தோ நகரருகே சேன்-லூபெஸ் என்னும் ஊரில், திராட்சை பயிரிடும் குடும்பத்தில் 1883இல் பிறந்தவர். 1905 முதல் பாத்தே நிறுவனத்தின் படங்களில் நடித்தார். அந்நாளைய நகைச்சுவையாளர்கள் முகத்தில் சாயம் பூசி, ஓடி, விழுந்து, பொருள்களை உடைத்துச் சிரிப்பூட்டினர். மாக்ஸ் பட்டுத்தொப்பியும் வெட்டுக்கோட்டும் கைத்தடியுமாக ஒரு கனவானைப் போல் திரைக்கு வந்தார். மரியாதைக்குரியவர் ஒருவரின் மரியாதைக்குச் சிறிது சிறிதாக நேரும் பங்கமே அவருடைய நகைச்சுவை. 1911இல் வந்த குறும்படம் ஒன்றில் மருத்துவர் எழுதிக்கொடுத்த சத்து மதுவை அளவின்றிக் குடித்துவிட்டு, எதிர்ப்படும் பெரியமனிதர்களுடன் சண்டையிடுகிறார். அவர்கள் ஒவ்வொருவரும் துவந்த யுத்தத்துக்கு அழைத்துத் தம் பெயர் அட்டையைக் கொடுக்கின்றனர். பின்னர் தெருவில் தள்ளாடும் அவரைப் பிடிக்கும் காவலர்கள், சட்டைப்பையில் கிடைத்த அட்டையைப் பார்த்து, இவர்தாம் அந்த அமைச்சர், இவர்தாம் அந்தத் தூதர் என்று பணிவோடு ஒவ்வொரு வீடாகக் கொண்டு சேர்க்கின்றனர். நூறாண்டுக்கு மேலாகியும் அப்படம் பழுதின்றிச் சிரிக்க வைக்கிறது.

1914இல் போர் மூண்ட சில மாதங்களுக்குள் அவர் இறந்துவிட்டதாக நாளேடுகள் எழுதின. அச்சேறியதெல்லாம் ஆவணம் என்று கொள்வோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை. இறக்கவில்லை, ஆனால் உடலும் மனமும் நலிந்து திரும்பினார். சாப்ளின் விலகிச் சென்ற எஸ்ஸனே நிறுவனம் அவ்விடத்தை நிரப்ப மாக்ஸை அமெரிக்காவுக்கு அழைத்தது. மூன்று படங்களோடு அம்முயற்சி நின்றது. மீண்டும் சென்று 1921, 1922 ஆண்டுகளில் மூன்று முழுநீளப் படங்கள் எடுத்தார். அவற்றுள் ஒன்றில், கண்ணாடியை உடைத்துவிட்ட பணியாளர்கள் அதை மறைக்க, சமையற்காரரை வெறும் சட்டத்துக்குப் பின்னால் நிறுத்துகின்றனர். எதிரே நின்று சவரம் செய்யும் மாக்ஸின் ஒவ்வோர் அசைவையும் அவர் அப்படியே செய்து காட்டுகிறார். பின்னர் மார்க்ஸ் சகோதரர்கள் முதலாகப் பலர் இக்காட்சியைத் தம் வழியில் செய்தனர்.

1923இல் தம்மினும் மிக இளைய ஹெலனை மணந்தார். மறு ஆண்டு வியன்னாவில் இருவரும் தூக்கமருந்து மிகுதியால் நினைவிழந்து கிடந்தனர். விபத்து என்று சொல்லப்பட்டது. 1924 ஜூனில் மகள் மோட் பிறந்தாள். 1925 அக்டோபர் மாதத்தின் கடைசி இரவு பாரிஸ் விடுதி ஒன்றில் கணவன் மனைவி இருவரும் உயிர்நீத்தனர். குழந்தைக்குப் பதினாறு மாதம்.

தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்த மோட், தம் தந்தையின் படமொன்றை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது இருபது வயதை எட்டியிருந்தார். அவருக்குத் தந்தையைப் பற்றி நினைவு என்று ஒன்றும் கிடையாது. சாப்ளினைப் போல் மாக்ஸ் தன்வரலாறு எழுதிவைக்கவில்லை. ராபின்சனுக்குக் கிடைத்ததுபோல் காக்கப்பட்ட ஆவணக் காப்பறையும் இல்லை. நூற்றுக்கணக்கில் நடித்த படங்கள் உலகெங்கும் சிதறியோ அழிந்தோ போயிருந்தன. அவர் அவற்றைத் தேடத் தொடங்கினார். வாழ்நாள் முழுவதும் தேடினார். அமெரிக்காவில் எடுத்த மூன்று முழுநீளப் படங்களிலிருந்து தொகுத்து 1963இல் ஒரு படத்தை வெளியிட்டார். தந்தையின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பட்டுத்தொப்பி மனிதர்’ என்னும் ஆவணப்படம் 1983இல் வந்தது. 1992இல் நூல் ஒன்றும் எழுதினார். ‘மாக்ஸ் லிண்டர் என் தந்தை’ என்பது அதன் பெயரின் பொருள்.

ராபின்சனின் நூலைப் படிக்கும்போது நமக்குச் சான்றுகளைப் பற்றிய வினாக்களே எழுகின்றன. மோட் லிண்டரின் பணியைப் பார்க்கும்போது எழும் வினா வேறு. அந்த இரவில் தாய் தம் விருப்பத்தோடு சென்றாரா, இழுத்துச் செல்லப்பட்டாரா என்பதில் எழுதியோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முடிவு கட்டப் போதிய சான்று இல்லை. வெளியாள் ஒருவர் இரு கூற்றுகளையும் எழுதிவிட்டு அடுத்த இயலுக்குச் செல்லலாம். வரலாறு எழுதுபவர் அந்த இருவரின் மகளாக இருந்தால்? தாயைத் தம்மிடமிருந்து பறித்தவர் என்று கருதத்தக்க ஒருவரின் கலையை, உலகம் மறந்துவிடாதபடி காப்பதற்கு அவர் தம் ஆயுளைச் செலவிட்டார். அதை மன்னிப்பு என்று அழைக்க எனக்குத் துணிவில்லை. அவர் இறப்பை மறைக்கவில்லை. ஆனால் இறப்பை வைத்து வாழ்வைப் படிக்கவும் இல்லை. சோகமுடிவைக் கண்டறிந்துகொண்டு, சிரிப்பூட்டிய ஒவ்வொரு படத்திலும் அம்முடிவின் நிழலைக் காணும் எழுத்தாளர் பலர் உளர். நகைச்சுவையாளர் எல்லாரும் உள்ளூர அழுபவர் என்னும் தேய்ந்த வாய்பாட்டுக்கு மாக்ஸ் எளிதில் இரையாகக் கூடியவர். மகள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அவர் தொகுத்தளித்த படங்களில் மாக்ஸ் நிலைதடுமாறுகிறார், தொப்பியைச் சரிசெய்துகொள்கிறார், மீண்டும் நடக்கிறார்.

இத்தாலியின் வடகிழக்கே பிரியூலி பகுதியில் 1976இல் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன்பின் அப்பகுதியில் தோன்றிய திரைப்படக் காப்பகத்தைச் சேர்ந்த ஆர்வலர்கள், 1982இல் போர்தனோனே நகரில் பேசாப்படங்களுக்கென்றே ஒரு விழாவைத் தொடங்கினர். முதலாண்டு விழாவை அவர்கள் மாக்ஸ் லிண்டருக்கு உரித்தாக்கினர். பின்னாளில் அவ்விழாவின் இயக்குநராக 1997 முதல் 2015 வரை பணியாற்றியவர் டேவிட் ராபின்சன். மோட் லிண்டர் 2017இல் தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார்.

மாக்ஸ் அமெரிக்காவில் இருந்தபோது சாப்ளின் தம் ஒளிப்படம் ஒன்றில் கையெழுத்திட்டு அவருக்கு அளித்தார். 1917 மே 12 என நாள் குறிக்கப்பட்ட அப்படத்தில், மாக்ஸைப் பேராசிரியர் என்றும் தம்மை அவருடைய மாணவர் என்றும் சாப்ளின் எழுதியிருக்கிறார்.